கல்வராயன் மலைமேல் பறக்கும் கண்!

கட்டை வண்டியில் பத்து மைல் போய் இறங்கியவரின் இடுப்பைக் கேட்டால் தெரியும், வில் வண்டி எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று. பாதை அதேதான். மாடும் அதேதான். பள்ளமும் மேடும் மாறவில்லை. அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டை ஒன்று வந்தது. சக்கரம் வாங்கிய அடி ஆளைச் சேராமல் போயிற்று.

அந்த வில் வண்டியின் தத்துவம் இன்று ஆகாயத்தில் வேலை செய்கிறது. ஆளில்லாமல் பறக்கும் ட்ரோனின் வயிற்றில் கேமரா ஒன்று தொங்குகிறது அல்லவா? அந்தக் கேமராவுக்கும் ட்ரோனின் உடம்புக்கும் நடுவே சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிதாக நான்கு ரப்பர் உருண்டைகள் இருக்கின்றன. ‘டாம்பர்’ என்று தொழிலில் பெயர். வேலை, அதிர்வை விழுங்குவது.

பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. விலையும் பெரிதல்ல. ஆனால் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கேமரா உருப்படியான படம் தருமா, தராதா என்பதை இந்த உருண்டைகள்தான் தீர்மானிக்கின்றன. கல்யாண வீட்டுப் படம் கொஞ்சம் நெளிந்தால் குடி முழுகிவிடாது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் விஷயம் அப்படி அல்ல.

மலையும் புகையும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கல்வராயன். வடக்கே சின்னக் கல்வராயன், சராசரி 2700 அடி உயரம். தெற்கே பெரிய கல்வராயன், சராசரி 4000 அடி. கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணையைத் தாண்டினால் ஏற்றம் தொடங்குகிறது. வெள்ளிமலை, அதைச் சுற்றி மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள், மரவள்ளிக் காடு, சாமை, தினை, கடுக்காய் மரங்கள், மேகம் அருவி, பெரியார் அருவி என்று பார்க்கப் பார்க்க அலுக்காத இடம். ஓடைகளுக்குக் குறைவில்லை.

அந்த ஓடைகள்தான் வம்பு. சாராயம் காய்ச்சத் தண்ணீர் வேண்டும், மறைவு வேண்டும், விறகு வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கிற மலை இது. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் பேரல் பேரலாக ஊறல் வைத்து, காய்ச்சி, லாரி ட்யூபில் நிரப்பி இரவோடு இரவாகக் கீழே இறக்குவது பல காலமாக நடந்து வந்த தொழில். மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. சென்னை ராஜதானியிலேயே முதன்முதலாக 1937ல் மதுவிலக்குக் கொண்டுவரப்பட்டது அதே சேலம் மாவட்டத்தில்தான் என்பது ஒரு வேடிக்கை.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூன் மாதம் அதன் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. நகரின் கருணாபுரம் பகுதியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைச் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. மலைமேல் ஊறல் வேட்டை நடந்தபோது போலீசார் ட்ரோன் கேமராக்களைப் பறக்கவிட்டுத் தேடிய செய்திகளும் பத்திரிகைகளில் வந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருணாபுரத்தில் உயிர் குடித்தது மெத்தனால். அது மரத்தடியில் ஊறுகிற சரக்கு அல்ல, தொழிற்சாலை ரசாயனம். லாரியில் மூடி வரும் மெத்தனால் டிரம்மை எந்த ட்ரோனும் மேலிருந்து கண்டுபிடிக்காது. ட்ரோனால் எல்லாம் ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. அதற்குத் தெரிவது புகை, பேரல், ஒற்றையடிப் பாதை, இலைக்கு நடுவே மின்னும் தார்ப்பாய். அவ்வளவுதான்.

அவ்வளவையும் ஒழுங்காகக் காட்ட வேண்டுமே! மலைமேல் எழும் புகை எல்லாம் சாராயப் புகை அல்ல. சோறு வடிக்கிற அடுப்பும் புகையும். சருகு கொளுத்தினாலும் புகையும். வீட்டு வாசலில் இருக்கும் பேரலில் குடிதண்ணீரும் இருக்கலாம். கலங்கிய படத்தைப் பார்த்து ஒரு போலீஸ் படை மூன்று நான்கு மணி நேரம் மலை ஏறினால், கிடைப்பது கால் வலி. அதைவிட மோசம், தப்பே செய்யாத ஒரு குடிசைக்காரர் விடியற்காலையில் எழுப்பப்பட்டு விசாரணைக்கு உள்ளாவது. ஆகவே படம் ஆடாமல் இருப்பது அலங்காரத்துக்காக அல்ல.

படம் ஏன் நெளிகிறது?

ட்ரோன் கேமராவின் உள்ளே படம் ஒரே நொடியில் பதிவாவதில்லை. தறியில் துணி இழை இழையாக இறங்குவதுபோல, மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒவ்வொரு வரியாகப் பதிவாகிறது. முழுப் படமும் முடியச் சாதாரணமாக 20 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம்தான். ஆனால் ட்ரோனின் விசிறிக்கு அது நீண்ட நேரம்.

நடுத்தரமான ஒரு ட்ரோனின் மோட்டார் நிமிஷத்துக்கு 5400 சுற்றுச் சுற்றுகிறது என்றால், விநாடிக்கு 90 சுற்று. விசிறியில் எடைக் கோணல் கொஞ்சம் இருந்தாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உதை கிடைக்கும். விநாடிக்கு 90 உதை. ஒரு படம் பதிவாகும் நேரத்துக்குள் கேமரா ஏறக்குறைய இரண்டு தடவை இப்படியும் அப்படியும் ஆடிவிடுகிறது. மேல் வரி ஓர் இடத்தில் பதிகிறது. அடுத்த வரி சற்றுத் தள்ளிப் பதிகிறது. அதற்கடுத்தது மறுபடி திரும்புகிறது. நேரான மரம் பாம்பாகிறது. பேரல் பூசணிக்காயாகிறது. ஜெல்லி மிட்டாயைத் தட்டினால் ஆடுவதுபோல் இருப்பதால் இந்தக் கோளாறுக்கு ‘ஜெல்லோ’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. படத்தில் மேலிருந்து கீழ்வரை எத்தனை நெளிவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். 20 மில்லி விநாடிப் படத்தில் இரண்டு நெளிவு இருந்தால் அதிர்வு விநாடிக்கு சுமார் 100. நான்கு இருந்தால் சுமார் 200. இரண்டு இறக்கை கொண்ட விசிறியில், ஒவ்வொரு இறக்கையும் ட்ரோனின் கையைக் கடக்கும்போது காற்று அதை அடிப்பதால், சுற்று வேகத்தைப்போல் இரு மடங்கிலும் ஓர் அதிர்வு உண்டு. எந்த அதிர்வு தொல்லை தருகிறது என்பதை, தனிக் கருவி இல்லாமலே கேமரா காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஒவ்வொரு வரியும் தெளிவாகும். வரிகள் இடம் மாறிப் பதிவது மாறாது. நெளிவு தெளிவாகத் தெரியும், அதுதான் லாபம்! பனி விலகாத விடியற்காலையில் வெளிச்சம் போதாமல் ஷட்டரை மெதுவாக்கினால் வேறு கஷ்டம்: வரிகளே மங்கிவிடும். இரவில் அடுப்பின் சூட்டைக் காட்டும் வெப்பக் கேமராவிலும் இந்த மங்கல் உண்டு. அதன் கண் ஒவ்வொரு புள்ளியின் சூட்டையும் உணர்ந்துகொள்ளச் சுமார் 10 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் கேமரா ஆடிவிட்டால் சிறு நெருப்பு பக்கத்து இருட்டில் கரைந்து காணாமல் போகிறது.

கிம்பல் இருக்கிறதே?

இருக்கிறது. கிம்பல் என்பது பழைய சரக்கு. கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் திசைகாட்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காக, வளையத்துக்குள் வளையமாகத் தொங்கவிட்ட அமைப்புத்தான் அது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். அவருக்கு எத்தனையோ காலம் முன்பே அது இருந்தது. ட்ரோனில் வளையத்துக்குப் பதில் மூன்று சிறு மோட்டார்கள். ட்ரோன் இடது பக்கம் சாய்ந்தால் கிம்பல் மோட்டார் கேமராவை வலது பக்கம் திருப்பி நேராக்குகிறது. காற்று தள்ளினாலும் திரும்பினாலும் அடிவானம் சாயாது.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சாய்வை உணர்ந்து, கணக்குப் போட்டு, மோட்டாரை அசைப்பதற்குள் நேரம் போகிறது. விநாடிக்குச் சில தடவை, அதிகம் போனால் பத்துப் பதினைந்து தடவை வரும் ஆட்டத்தை அது நன்றாகச் சமாளிக்கும். 90 தடவை வரும் ஆட்டத்தைத் துரத்திப் பிடிக்க அதனால் முடியாது. மெதுவான ஆட்டம் கிம்பலின் பங்கு. வேகமான அதிர்வு ரப்பரின் பங்கு. இரண்டுக்கும் நடுவே எல்லைக் கல்லை எங்கே நடுவது என்பதுதான் டாம்பர் தேர்ந்தெடுக்கும் வித்தை.

தூளியும் ஆயில் எஞ்சினும்

தூளியில் குழந்தையை ஆட்டுகிற தாய்க்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. தூளிக்கென்று ஓர் ஆட்ட வேகம் இருக்கிறது. அந்த வேகத்துக்கு ஒத்து விரலால் தொட்டால் போதும், தூளி பெரிதாக ஆடும். ஒத்துப்போகாமல் படபடவென்று தட்டினால் தூளி நகரவே நகராது. ரப்பர் உருண்டைமேல் தொங்கும் கேமராவும் ஒரு தூளிதான். அதற்கும் சொந்த ஆட்ட வேகம் ஒன்று உண்டு.

வயலில் ஆயில் எஞ்சினை நிறுத்துகிறவர்கள் பார்த்திருப்பார்கள். முழு வேகத்தில் ஓடும்போது எஞ்சின் அமைதியாக இருக்கும். நிறுத்தும்போது வேகம் குறைந்து குறைந்து, ஒரு கட்டத்தில் அடித்தளத்தோடு ‘கிடுகிடு’வென்று உதறிவிட்டு அப்புறம் நிற்கும். அந்தக் கட்டத்தில்தான் எஞ்சினின் வேகமும் தாங்கியின் சொந்த வேகமும் ஒத்துப்போகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளைப் போன்ற இடங்களில், சர்க்கரையையும் பாகையும் பிரிக்கும் சுழல் யந்திரத்திலும் இதே கதைதான். கிளம்பும்போது கூடை தள்ளாடும்; வேகம் ஏறிவிட்டால் பம்பரம்போல் நிமிர்ந்து நிற்கும். அந்தத் தள்ளாட்டத்தைத் தாங்குவதற்குத்தான் அதன் தலைப்பில் ரப்பர் வைக்கிறார்கள்.

விதி இதுதான்: வருகிற அதிர்வின் வேகம், தாங்கியின் சொந்த வேகத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்குக் கீழே இருந்தால் ரப்பரால் நன்மை இல்லை, தீமையே உண்டு. இரண்டும் ஒத்துவிட்டாலோ அதிர்வு ஐந்து மடங்கு, பத்து மடங்குகூடப் பெருகும். ஒன்றரை மடங்கைத் தாண்டிய பிறகே ரப்பர் வேலை செய்யத் தொடங்குகிறது. மூன்று மடங்கு ஆகும்போது எட்டில் ஒரு பங்கு அதிர்வுதான் கேமராவைச் சேரும். ஆறு மடங்கு ஆனால் முப்பத்தைந்தில் ஒரு பங்கு.

இதிலிருந்து, தவறான டாம்பர் போடுவதைவிட டாம்பரே போடாமல் இருப்பது மேல் என்று ஆகிறது. ரப்பர் வைத்தால் எப்படியும் கொஞ்சமாவது நன்மை இருக்கும் என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

எந்த ரப்பர்?

கடையில் போய்க் கேட்டால், “சார், இந்தக் கலரைப் போடுங்க, நல்லா இருக்கும்” என்பார்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று உருண்டைகள் வரும். கலர் கடினத்தைக் குறிக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரு தயாரிப்பாளரின் மஞ்சள் இன்னொருவரின் மஞ்சளாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கலரை நம்புவதைவிடக் கணக்கை நம்பலாம்.

உதாரணத்துக்கு, கேமராவும் கிம்பலும் சேர்ந்து 600 கிராம். உருண்டை நான்கு. ஆளுக்கு 150 கிராம். மோட்டார் அதிர்வு விநாடிக்கு 90. மூன்றில் ஒரு பங்காகத் தாங்கியின் சொந்த வேகம் 30 இருக்க வேண்டும். இதை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. கேமராவை மாட்டியதும் ரப்பர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் சொந்த வேகம் சுமார் 16. கால் மில்லிமீட்டர் இறங்கினால் சுமார் 32. அதாவது, கேமராவை மாட்டும்போது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், கால் மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமாக இறங்குகிற உருண்டைதான் இந்தக் கேமராவுக்குப் பொருத்தம்.

ரப்பருக்கு இன்னொரு குணம் இருக்கிறது. மெதுவாக இழுத்தால் இளகும். வேகமாக அசைத்தால் விறைக்கும். ஆகவே கணக்கில் வரும் 30, நிஜத்தில் 35 ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு இறக்கத்தை அரை மில்லிமீட்டர் அளவுக்கு விடுவது புத்திசாலித்தனம்.

அப்படியானால் இன்னும் மென்மையாக, ஐந்து மில்லிமீட்டர் இறங்குகிற மாதிரி போட்டுவிட்டால் என்ன? அதிர்வு துளியும் சேராதே! சேராதுதான். ஆனால் சொந்த வேகம் ஏழுக்கு இறங்கிவிடும். அது கிம்பல் மோட்டார் வேலை செய்கிற எல்லை. கிம்பல் கேமராவை ஒரு பக்கம் திருப்ப, அதன் எதிர்விசையில் ரப்பர் தட்டு மறுபக்கம் ஆட, அதை உணர்ந்த கிம்பல் மறுபடி திருப்ப, இருவரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் காற்று ஒரு தட்டுத் தட்டினால் படம் ஊஞ்சலாடும். கிம்பலின் எல்லைக்கு மேலே, மோட்டாரின் எல்லைக்கு வெகு கீழே. அந்த நடு இடம்தான் வேண்டும்.

பெரிய ட்ரோன் என்றால் கெட்டி ரப்பர் என்று பலர் நினைக்கிறார்கள். எடை கூடுவதால் உருண்டை பெரிதாக வேண்டும் என்பது சரி. ஆனால் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றும். நிமிஷத்துக்கு 2700 சுற்று என்றால் விநாடிக்கு 45 தான். அதில் மூன்றில் ஒரு பங்கு 15. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். எடைக்குத் தகுந்தபடி பார்த்தால், பெரிய ட்ரோனுக்குத்தான் இன்னும் மென்மையான தாங்கி வேண்டும்! இரண்டு மூன்று கிலோ எடையுள்ள கேமராக்களுக்கு ரப்பர் உருண்டையை விட்டு, முறுக்கிய எஃகுக் கம்பியை வளையம் வளையமாகக் கோத்த தாங்கிகளை உபயோகிப்பதும் உண்டு. கம்பி இழைகள் ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தை அடக்கும்.

மலை ஏறும்போது கணக்கு கொஞ்சம் மாறும். 4000 அடியில் காற்றின் கனம் கடல் மட்டத்தைவிடச் சுமார் 11 சதவீதம் குறைவு. அதே எடையைத் தூக்க விசிறி சுமார் 6 சதவீதம் வேகமாகச் சுற்ற வேண்டும். 90 என்பது 95 ஆகும். ரப்பருக்கு இது நல்லதே. ஆனால் ட்ரோன் பள்ளத்தாக்குக்குள் சரசரவென்று இறங்கும்போது மோட்டார் வேகம் 4000க்கும் கீழே போகக்கூடும். அப்போது அதிர்வு 65 பக்கம் வந்துவிடும். 30க்கு அது இரு மடங்கு, பயமில்லை. ஆனால் கெட்டி ரப்பர் போட்டு 50ல் நிற்பவரின் படம் அந்த இறக்கத்தில்தான் கெடும். ஏறும்போது நன்றாக இருந்ததே என்று அவர் கேமராவைச் சந்தேகப்படுவார்.

எடை எங்கே தொங்குகிறது?

கணக்கெல்லாம் சரியாகப் போட்டு, சரியான உருண்டை வாங்கி மாட்டிய பிறகும் படம் நெளிகிறது என்று வருத்தப்படுகிறவர்கள் ஏராளம். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

கேமரா பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால், தூரத்திலுள்ள மரத்தின் படத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் கேமரா துளி திரும்பினால் போச்சு. தூரத்தை அருகே காட்டும் லென்ஸ் ஒன்று 6 டிகிரி அகலத்தைப் படம் பிடிக்கிறது என்று கொள்ளலாம். 400 மீட்டருக்கு அப்பால் அது சுமார் 42 மீட்டர் அகலமான இடம். அங்கே ஒரு பேரலின் குறுக்களவு படத்தில் இருபத்தைந்து புள்ளி அளவில்தான் இருக்கும். கேமரா ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு திரும்பினால் அந்தப் பேரல் 35 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். பாதிப் பேரலுக்கு மேல்! ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? கடிகாரத்தின் நிமிஷ முள் அரை விநாடியில் நகர்கிற அளவு. கண்ணால் பார்க்க முடியாது.

ஆகவே ரப்பர் அதிர்வைக் குறைத்தால் மட்டும் போதாது. மிச்சமிருக்கிற அதிர்வு கேமராவைத் திருப்பாமல், நேராக நகர்த்திவிட்டுப் போக வேண்டும். அதற்கு, நான்கு உருண்டைகளும் இருக்கிற மட்டத்திலேயே கேமராவின் எடை நடுப்புள்ளியும் இருப்பது உத்தமம். உருண்டைகள் மேலே, கேமரா நாலு விரற்கடை கீழே தொங்குகிறது என்றால், பக்கவாட்டில் வரும் ஒவ்வோர் உதைக்கும் அது கோயில் மணியின் நாக்குப்போல் ஆடும். ஆட்டம் என்பது திரும்புதல்தான். கட்டுமான வசதிக்காகப் பல கிம்பல்களை அப்படித் தொங்கவிடுகிறார்கள். அப்போது உருண்டைகளை ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். காலை அகட்டி நிற்பவரைத் தள்ளுவது கஷ்டம். சேர்த்து நிற்பவரைத் தள்ளுவது சுலபம்.

நான்கிலும் ஒரே எடை விழுகிறதா என்பது அடுத்தது. முன் இரண்டும் நசுங்கி, பின் இரண்டும் தளர்ந்து இருந்தால், முன் பக்கம் ஒரு வேகத்தில் ஆடும், பின் பக்கம் வேறு வேகத்தில் ஆடும். அதுவும் திரும்புதலாகவே முடியும். பகல் கேமராவைக் கழற்றிவிட்டு இரவுக்கு வெப்பக் கேமராவை மாட்டுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. எடை மாறினால் உருண்டையும் மாற வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டு ஒரு வயரில் கோட்டை விடுவது உண்டு. ட்ரோனிலிருந்து கேமராவுக்குப் போகிற வயர் விறைப்பாக, நீளம் போதாமல் இழுத்துக் கட்டியிருந்தால், அதிர்வு ரப்பரைச் சுற்றிக்கொண்டு வயர் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். வாசலில் காவல் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. மெல்லிய வயராக, தொய்வாக ஒரு வளையம் விட்டு இழுக்க வேண்டும்.

நோய்க்கு மூலம்

மருந்து ரப்பர், நோய் விசிறியில் இருக்கிறது. மரக்கிளையில் உரசி ஓர் இறக்கையின் நுனி கொஞ்சம் சிதைந்துவிட்டது, எடையில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி அந்தக் குறை இருந்து, 5400 சுற்றில் சுற்றினால், சுமார் 325 கிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் அது அச்சை இழுக்கும். அந்த இழுப்பு விநாடிக்கு 90 முறை சுற்றிச் சுற்றி வரும். கேமராவின் எடையில் பாதிக்கு மேல்! சிதைந்த விசிறியை எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவதை விட்டு, அதற்காக ரப்பரை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. புதிய விசிறியையும் தராசில் நிறுத்திப் பார்த்து, லேசான இறக்கையில் ஒட்டு நாடாவைத் துளி ஒட்டிச் சமன் செய்கிறவர்கள் நல்ல படம் எடுக்கிறார்கள்.

வெயிலும் பனியும்

கள்ளக்குறிச்சிச் சமவெளியில் கத்திரி வெயில் கொளுத்தும். அதில் நிறுத்திய ஜீப்பில் ட்ரோன் பெட்டி சுட்டுக்கொண்டிருக்கும். அதே பெட்டி மார்கழி விடியலில் மலைமேல் திறக்கப்படும்போது கை விறைக்கும். இயற்கை ரப்பர் குளிரில் கெட்டியாகும். வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் வெடிப்பு விடும். போன கோடையில் 30ல் நின்ற தாங்கி இந்த மார்கழியில் 40க்கு ஏறியிருந்தால் ஆச்சரியம் இல்லை. சிலிக்கோன் ரப்பர் இந்த விஷயத்தில் மேலானது. சூட்டிலும் குளிரிலும் குணம் அதிகம் மாறாது. மலைக்குப் போகிற ட்ரோனுக்கு அதுவே ஏற்றது.

ஆனால் சிலிக்கோனுக்கு ஒரு குறை. ஒரு சிறு கீறல் விழுந்தால் அது சுலபமாகக் கிழிந்துகொண்டே போகும். உருண்டையின் கழுத்தைத் தட்டின் ஓட்டைக்குள் நுழைக்கும்போது ஸ்க்ரூடிரைவரால் குத்தித் தள்ளுகிறவர்கள் அந்தக் கீறலைத் தாங்களே போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி, நூலால் கழுத்தைச் சுற்றி இழுத்தால் வழுக்கிக்கொண்டு உட்காரும்.

2021ல் வந்த ட்ரோன் விதிகளின்படி, பச்சை மண்டலம் எனக் குறித்த பகுதிகளில் தனி அனுமதி இல்லாமல் தரையிலிருந்து 120 மீட்டர் உயரம் வரை பறக்கலாம். அந்த உயரத்திலிருந்து அறுநூறு கிராம் கேமரா பிய்த்துக்கொண்டு விழுந்தால், கீழே இருப்பது பாறையாகவும் இருக்கலாம், ஆடு மேய்க்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். ஆகையால் மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் தொய்வான நைலான் கயிற்றாலோ, தட்டில் உரசாத பாதுகாப்பு ஊசியாலோ இணைத்துவிடுவது கட்டாயம். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டால், வயரின் கதைதான் மறுபடியும்.

பறக்கவிடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. கேமராவின் கீழ்த் தட்டை விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கினால் நல்ல ரப்பர். கம்பிச் சுருள்போல் ஆடிக்கொண்டே இருந்தால் தணிப்புப் போதாது; ஒத்த அதிர்வு வந்தால் தாங்காது. சுண்டியும் அசையாமல் களிமண்போல் இருந்தால் அது கெட்டியாகிப் போன பழைய ரப்பர். உருண்டையைப் பிதுக்கிப் பார்த்தால் கழுத்தோரம் வெடிப்புத் தெரியும். நான்கில் ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்று உருண்டைகள் நான்கும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். பெட்டிமேல் வாங்கிய மாதத்தை எழுதி, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.